சிம்ஸ் 4 ரீகலர்: கருப்பு ஹூடி வெள்ளையாக மாட்டேன் என்கிறது

கேள்வி, 8 மார்ச் 2025

சிம்ஸ் 4 கேமின் உடைகளை ரீகலர் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன் அக்கா. கேமிலேயே இருக்கும் கருப்பு ஹூடி ஒன்றை வெள்ளையாக்க வேண்டும். கிம்ப் என்ற பட எடிட்டரில் திறந்து, நிறச்சாயலை மாற்றும் ஹ்யூ ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. லைட்னஸைக் கூட்டினால் அழுக்குச் சாம்பலாக, மடிப்பே தெரியாமல் தட்டையாக வருகிறது. ரீகலர் என்றால் நிறத்தை மாற்றுவதுதானே? ஒரு ஸ்லைடர் வேலைக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று புரியவில்லை.

8 மார்ச், இரவு

ஸ்லைடர் வேலை இல்லை தம்பி, அதனால்தான் இவ்வளவு பேச்சு.

அந்தக் கருப்பு டெக்ஸ்ச்சரில், அதாவது உடையின்மேல் போர்த்தப்படும் படத்தில், கலர் பிக்கரை வைத்து இரண்டு இடத்தில் தொட்டுப் பாருங்கள்: முழங்கை மடிப்பின் ஆழத்தில் ஒன்று, வெளிச்சம் விழும் தோளில் ஒன்று. ஆழத்தில் 15, தோளில் 45 என்ற அளவில்தான் இருக்கும் (0 கருப்பு, 255 வெள்ளை). சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஏறக்குறைய அதே எண். மூன்றும் சமமாக இருந்தால் அங்கே ஹ்யூ என்று பிடித்து இழுக்க எதுவும் இல்லை. ஸ்லைடர் நகர்ந்தும் துணி மாறாததற்குக் காரணம் அதுதான்.

லைட்னஸ் வேறு மாதிரி கெடுக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் வெள்ளையை நோக்கி, மிச்சமிருக்கும் தூரத்தில் ஒரே விகிதத்தில் அது தள்ளும். 80 சதவீதம் தள்ளினீர்கள் என்று வையுங்கள். 15 போய் 207 ஆகும், 45 போய் 213 ஆகும். முதலில் மடிப்புக்கும் தோளுக்கும் 30 வித்தியாசம் இருந்தது, இப்போது 6. கண்ணுக்கு அது மடிப்பே இல்லை.

இப்போதைக்கு ஒரு வழி: கருப்பை மூடிவிட்டு, அதே ஹூடிக்கு இருக்கும் வெளிர் ஸ்வாட்ச் (கேம் தரும் நிற வகை) ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து அதிலிருந்து தொடங்குங்கள்.

9 மார்ச்

கர்வ்ஸ் (வெளிச்சத்தை மாற்றும் வளைகோடு) போட்டு இழுத்தால் மடிப்பு திரும்பி வந்துவிடுமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரும். கூடவே சதுரம் சதுரமாகத் திட்டும் வரும்.

சிம்ஸ் 4 உடைகளின் டெக்ஸ்ச்சர் 1024க்கு 2048 புள்ளி அளவு. அது பேக்கேஜுக்குள், அதாவது கேம் படிக்கும் கோப்புக்குள், டிஎக்ஸ்டி5 வகைச் சுருக்கத்தில்தான் கிடக்கிறது. படம் முழுவதும் 4க்கு 4 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே இரண்டு நிறங்கள் சேமிக்கப்படும், நடுவில் இன்னும் இரண்டு கணக்குப் போட்டு வரும். ஆக 16 புள்ளிகளுக்கு நான்கு நிறம். சேமிக்கும் அந்த நிறங்களுக்கும் சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 மட்டுமே. 5 பிட் என்றால் 0 முதல் 255 வரை 32 படிகள், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் எட்டு எண் இடைவெளி. 15க்கும் 45க்கும் நடுவே எத்தனை படி வரும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கருப்பாக இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. அந்த 30 எண் வீச்சை 150 ஆக நீட்டும்போது கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இருக்கும் தாவலும் ஐந்து மடங்காகப் பெரிதாகிறது. பிறகு சேவ் செய்யும்போது மறுபடியும் சுருக்கம். நிறம் பிரச்சினை இல்லை. இருட்டில் மடிப்பைப் பற்றிய தகவலே அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. இல்லாததை எந்தக் கர்வ்ஸாலும் வரவழைக்க முடியாது.

12 மார்ச்

சிம்ஸ் 3 ஆடியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே பிடிபடும். 2009இல் அந்த கேம் வந்தபோது அதில் க்ரியேட்-எ-ஸ்டைல் இருந்தது. எந்தச் சட்டையையும் கேமுக்குள்ளேயே எந்த நிறத்துக்கும் மாற்றலாம், பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி என்று பேட்டர்னும் மாற்றலாம். அது எப்படி நடந்தது? உடை ஒரே படமாக இல்லை. மாஸ்க் என்று ஒரு படம்: சிவப்புப் பகுதி உடல், பச்சைப் பகுதி காலர், நீலப் பகுதி கைப்பட்டி என்கிற மாதிரி பிரித்துக் காட்டும். மல்டிப்ளையர் என்று இன்னொரு படம்: வெறும் சாம்பல், அதில் மடிப்பும் நிழலும் தையலும் மட்டும். நீங்கள் தேர்ந்த நிறத்தை மாஸ்க்கின் வழியே நிரப்பி, மேலே அந்தச் சாம்பலைப் பெருக்கிவிடும்.

2014இல் சிம்ஸ் 4 வந்தபோது இதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு ஸ்வாட்சும் தனித்தனியாக முடித்து வைத்த படம். நிறம், நிழல், பொத்தான், தையல் எல்லாம் ஒரே தாளில் ஒட்டிப்போய்விட்டன. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. க்ரியேட்-எ-ஸ்டைலில் ஒரு குடும்பம் முழுவதற்கும் திருமண உடை பொருத்திக்கொண்டே ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். அந்தச் சுகம் ஸ்வாட்ச் வரிசையில் கிடைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிம்ஸ் 4 ரீகலர் என்பது, போன அந்தச் சாம்பல் படத்தை நாம் திரும்பச் செய்வதுதான். சிம்ஸ் 4 ஸ்டுடியோ என்ற தனி மென்பொருளில் வெளிர் ஸ்வாட்சை பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிம்ப்பில் முதலில் ப்ரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், 8 பிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். டீசாச்சுரேட் செய்து (நிறத்தை நீக்கிச் சாம்பலாக்குவது) லூமினன்ஸைத் தேர்ந்தெடுங்கள். இருள், வெளிச்ச எல்லைகளை அமைக்கும் லெவல்ஸில் வெள்ளை முனையை, துணியின் மிக வெளிச்சமான இடம் 250 பக்கத்தில் வரும்வரை நகர்த்துங்கள். அதைத் தாண்டினால் அந்த இடத்தில் மடிப்பு அழிந்துவிடும். இந்த லேயரை மல்டிப்ளை மோடில் வைத்து, அடியில் ஒரே நிறம் நிரப்பிய லேயர் ஒன்று. அடி லேயரின் நிறத்தை மாற்ற மாற்ற புதுச் சட்டை.

13 மார்ச்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் அடியில் சுத்த வெள்ளையும் சுத்தக் கருப்பும் நிரப்பியிருக்கிறார்கள். வேண்டாம். மல்டிப்ளை என்பது வெறும் பெருக்கல்: அடி எண்ணையும் மேல் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்க வேண்டும். அடியில் 0 இருந்தால் மேலே எது இருந்தாலும் விடை 0, மடிப்பு மொத்தமும் போச்சு. அடியில் 30, மேலே 180 என்றால் 21. கருப்புக்கு 30ஐ ஒட்டி எடுங்கள். வெள்ளைக்கு 235. மேலே அதே 180 இருந்தால் 166 வரும்.

15 மார்ச்

அந்த 166ஐப் பார்த்துவிட்டு "வெள்ளைச் சட்டை துவைக்காத மாதிரி இருக்கிறது" என்று இரண்டு பேர் படம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. 12ஆம் தேதி சொன்ன சாம்பல் படத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒரே சாம்பல் படம் எல்லா நிறத்துக்கும் பொருந்தாது.

கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் மடிப்பைக் கவனியுங்கள். மடிப்பின் இரண்டு பக்கமும் வெள்ளை என்பதால் ஒரு பக்கத்தில் பட்ட வெளிச்சம் மறுபக்கத்துக்குத் தெறிக்கிறது, உள்பகுதியும் வெளிச்சமாகவே இருக்கிறது. கருப்புத் துணியில் அப்படித் தெறிக்காது, விழுந்த வெளிச்சத்தைத் துணி விழுங்கிவிடும், மடிப்பு ஆழமாக இருட்டும். அதனால் வெள்ளைக்குச் சாம்பல் படத்தின் நிழலை மேலே தூக்க வேண்டும். மிக இருட்டான இடம்கூட 200க்குக் கீழே போகாமல் லெவல்ஸில் அவுட்புட்டை உயர்த்திப் பாருங்கள். கருப்புக்கு மல்டிப்ளை மட்டும் போதாது. அதே சாம்பலின் நகல் ஒன்றை ஸ்க்ரீன் மோடில், ஒப்பாசிட்டி 10 முதல் 15 சதவீதத்தில் மேலே வையுங்கள். தோளிலும் முழங்காலிலும் மெல்லிய வெளிச்சம் கிளம்பும், அப்போதுதான் கருப்பு துணியாகத் தெரியும். இல்லாவிட்டால் சிம் உடம்பில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

நான் ரீகலர் செய்யத் தொடங்கிய பிறகுதான் துணியை உற்றுப் பார்க்கவே தொடங்கினேன். பேருந்தில் முன் இருக்கையில் இருப்பவரின் சட்டைக் காலருக்கு அடியில் நிழல் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டே போவேன்.

18 மார்ச்

பொத்தான், ஜிப், தையல் நூல் எல்லாம் சட்டையோடு சேர்ந்து நிறம் மாறிவிடுகிறது, லாசோ தேர்வுக் கருவியால் சுற்றிச் சுற்றிக் கை வலிக்கிறது என்கிற கேள்விக்கு.

லாசோவை எடுக்கவே வேண்டாம். கேமின் சொந்த உடை என்றால் அதற்கு ஏற்கெனவே பல ஸ்வாட்ச் இருக்கும். நிறத்தில் ஒன்றுக்கொன்று தூரமான இரண்டை, ஒரு சிவப்பும் ஒரு நீலமும் போல, எக்ஸ்போர்ட் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல் லேயரை டிஃபரன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் இடம் கருப்பாகிவிடும், மாறிய இடம் மட்டும் ஒளிரும். பொத்தானும் ஜிப்பும் பெரும்பாலும் எல்லா ஸ்வாட்சிலும் ஒரே நிறம் என்பதால் அவை கருப்பில் தனியே நிற்கும். சுருக்கத்தால் வரும் பொடிப் புள்ளிகளை த்ரெஷ்ஹோல்டால் (ஓர் அளவுக்குக் கீழே எல்லாம் கருப்பு, மேலே எல்லாம் வெள்ளை) நீக்கிவிட்டால் மாஸ்க் தயார். சிம்ஸ் 3 சும்மா கொடுத்த மாஸ்க்கை இப்படித்தான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

எல்லா ஸ்வாட்சிலும் பொத்தான் நிறமும் மாறும் உடைகள் சில உண்டு. அங்கே இது உதவாது, பாத் டூல்தான்.

20 மார்ச்

கிம்ப் 3.0 வந்துவிட்டது, இந்த மாதம் 16ஆம் தேதி. இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று அதில் இருக்கிறது. ஃபில்டரை லேயரில் அப்படியே விட்டுவைத்து, பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். 2.10இல் லெவல்ஸைப் போட்டு ஓகே கொடுத்தால் அத்தோடு முடிந்தது. இதை எழுதும்போதே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு ஸ்வாட்ச் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது முன்பெல்லாம் லேயரை நகல் எடுத்து எடுத்துக் கோப்பு வீங்கிவிடும்.

கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். பேக்கேஜிலிருந்து திரும்ப எக்ஸ்போர்ட் செய்து திருத்துவது, ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி சுருக்குவது.

27 மார்ச்

இன்று நீலச் சட்டையை மஞ்சளாக்கும் கதை. ஹூடி கேட்ட தம்பியே கேட்டிருக்கிறார்: நீலம் கருப்பு இல்லையே, இதில் ஹ்யூ இருக்கிறதே, ஸ்லைடர் வேலை செய்கிறதே, பிறகு ஏன் மஞ்சள் கண்ணைப் பறிக்கிறது?

ஹ்யூ ஸ்லைடர் சார்ந்திருக்கும் எச்எஸ்எல் (ஹ்யூ, சாச்சுரேஷன், லைட்னஸ்) கணக்கில் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே லைட்னஸ், 50 சதவீதம். கண் அப்படிப் பார்ப்பதில்லை. திரையின் வெளிச்சத்தில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 பங்கு. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆக 0.93 பக்கம். நீலம் 0.07. ஸ்லைடர் "ஒரே வெளிச்சம்" என்று நினைத்து மாற்றிய இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நீலச் சட்டையில் அழகாக அடங்கியிருந்த மடிப்பு மஞ்சளுக்குப் போனதும் கத்துகிறது.

கிம்ப்பில் எச்எஸ்எல்லை விட்டுவிட்டு லேயர் மோடில் எல்சிஎச் கலர் என்பதை எடுத்துப் பாருங்கள், 2.10லிருந்தே இருக்கிறது. கண் உணரும் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றும். நீலத்தின் இருட்டிலேயே மஞ்சள் வரும், அதாவது பழுப்பு கலந்த கடுகு நிறம். அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை லெவல்ஸில் நீங்கள் முடிவு செய்யலாம்.

28 மார்ச்

மஞ்சளுக்கே இன்னொன்று. சாம்பலை மஞ்சள்மேல் பெருக்கினால் நிழலில் பச்சை தட்டும். இருண்ட மஞ்சள் நம் கண்ணுக்கு ஆலிவ் பச்சையாகத்தான் தெரியும், கணக்கில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் உண்மையான மஞ்சள் துணியின் மடிப்பு ஆரஞ்சு, காவி பக்கம் சாயும், ஏனென்றால் உள்ளே தெறிக்கும் வெளிச்சம் ஏற்கெனவே ஒருமுறை மஞ்சளில் பட்டு வருவது. ஆகவே மஞ்சளுக்குச் சாம்பல் படத்தைச் சாம்பலாக வைக்காதீர்கள். அதன் இருண்ட பகுதிக்குக் கொஞ்சம் செம்பழுப்பு ஏற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே படம் உயிர் பெறுவதைப் பார்ப்பீர்கள்.

நிழலுக்கும் நிறம் உண்டு என்பதை நான் சிம்ஸ் 2 நாட்களில்தான் கற்றுக்கொண்டேன். 2004இல் கேமுக்கு முன்பே பாடி ஷாப் என்ற உடை செய்யும் கருவியைத் தனியாகக் கொடுத்தார்கள். உடையை எக்ஸ்போர்ட் செய்தால் ப்ராஜெக்ட்ஸ் ஃபோல்டரில் டெக்ஸ்ச்சர் ஒரு பிஎம்பி, ஆல்ஃபா (எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் படம்) ஒரு பிஎம்பி என்று தனித்தனியாக வந்து விழும். அண்ணனின் கணினியில், அவன் தூங்கிய பிறகு, பெயின்ட் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். எல்லா உடையும் பொம்மைச் சட்டை மாதிரி வந்தது. வேறொருவர் செய்த சிவப்புப் பாவாடையைத் திறந்து பார்த்தபோது, மடிப்புக்குள் சிவப்பே இல்லை, கத்திரிப்பூ நிறம் இருந்தது. அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 ஏப்ரல்

"சேலை மெஷ் (முப்பரிமாண வடிவம்) ஒன்று கிடைத்திருக்கிறது, மயில் கழுத்து நிறத்தில் பட்டு வேண்டும், எந்த ஹெக்ஸ் நிற எண்?" என்று கேட்டவருக்கு.

ஒரு எண்ணால் முடியாது. மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையுமாக. புடவை அசையும்போது சாயும் பக்கத்துக்கு ஏற்ப ஒன்று முன்னுக்கு வரும். டெக்ஸ்ச்சர் அசையாத படம், பார்க்கும் கோணம் அதற்குத் தெரியாது. ஆனால் மடிப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை நம் சாம்பல் படம் ஓரளவு சொல்லிவிடுகிறது: வெளிச்சமான இடம் நம்மை நோக்கியது, இருட்டான இடம் திரும்பிக்கொண்டது.

கிம்ப்பில் கலர்ஸ், மேப், கிரேடியன்ட் மேப். கிரேடியன்ட்டின் இருண்ட முனையில் ஆழ்ந்த நீலம், நடுவில் நீலப்பச்சை, வெளிச்ச முனையில் கொஞ்சம் பொன் கலந்த பச்சை. நடுப்புள்ளியை இடம் வலமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஓரிடத்தில் சட்டென்று பட்டாகிவிடும். அரக்கும் கருப்பும் கலந்த இரட்டை இழைக்கும் இதே வழிதான்.

ஜரிகைக் கரையை மாஸ்க் போட்டு வெளியே வையுங்கள். அதற்கு நிறத்தைவிட ஸ்பெக்குலர், அதாவது மினுக்கத்தைச் சொல்லும் படம்தான் முக்கியம். ஸ்டுடியோவின் டெக்ஸ்ச்சர் பகுதியில், நிறப் படமான டிஃப்யூஸுக்குக் கீழே தேடினால் கிடைக்கும். கருப்பாக இருக்கும் இடம் மினுங்காது, வெளுத்த இடம் மினுங்கும். ஜரிகைக்கு வெளிர், பட்டு உடலுக்கு இடைப்பட்ட சாம்பல். அதே மெஷ்ஷைச் சுங்குடியாக மாற்றுவதாக இருந்தால் ஸ்பெக்குலரை மேக் பிளாங்க் கொடுத்து அழித்துவிடுங்கள். மினுங்கும் பருத்தியைப் பார்க்கச் சகிக்காது.

3 ஏப்ரல்

சேலை பற்றி இன்னும் கொஞ்சம். கட்டம், கோடு போடுபவர்கள் முதலில் எண் எழுதிய கட்டப் படம் ஒன்றை டெக்ஸ்ச்சராக இம்போர்ட் செய்து சிம்முக்கு மாட்டிப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படத்தில் வேறு வேறு இடத்தில் இருக்கும், இடுப்பு ஓரத்தில் இரண்டும் சந்திக்க வேண்டும். எந்த இடத்தில் கட்டம் இழுபடுகிறது, எங்கே சுருங்குகிறது என்று எண் காட்டிக்கொடுக்கும். இடுப்புக்குக் கீழே நேராக இருக்கும் கோடு தோளில் முந்தானை திரும்பும் இடத்தில் வளைந்துவிடும், அங்கே மட்டும் கையால் வளைக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

உடையின் எல்லையைத் தாண்டி வரையாதீர்கள். சிம்ஸ் 4இல் தோல், மேல்சட்டை, கால்சட்டை, காலணி எல்லாம் ஒரே தாளில் அவரவர் இடத்தில் அடுக்கப்படுகின்றன. உங்கள் சேலையின் தூரிகைக் கீற்று ஒன்று வெளியே போனால் அது வேறு எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

6 ஏப்ரல்

கை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிவது: ஒளி ஊடுருவும் புள்ளிகளுக்கு அடியிலும் நிறம் உண்டு. கேம் படத்தைச் சிறிதாக்கும்போது பக்கத்துப் புள்ளிகளைக் கலக்கும், அடியில் வெள்ளை இருந்தால் அது எட்டிப் பார்க்கும். நிற லேயரை விளிம்புக்கு வெளியே சில புள்ளிகள் நீட்டி வையுங்கள், ஆல்ஃபாவைத் தொடாதீர்கள். கிம்ப்பில் பிஎன்ஜி எக்ஸ்போர்ட் செய்யும்போது, ஒளி ஊடுருவும் புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்ய வேண்டும்.

11 ஏப்ரல்

காஸில் (சிம்மை உருவாக்கி உடை மாட்டும் திரை) அழகாக இருந்தது, வீட்டுக்குள் போனால் வேறு நிறம் என்று மூன்று நான்கு பேர். காஸின் விளக்கு வேறு, லைவ் மோடின் விளக்கு வேறு. நான் எந்த ரீகலரையும் பகல் வெளியில், இரவு தெருவில், மஞ்சள் விளக்கு போட்ட அறையில் என்று நடக்கவிட்டுப் பார்த்த பிறகே பகிர்கிறேன். காஸில் மட்டும் பார்த்துச் செய்த க்ரீம் நிறம் மஞ்சள் விளக்கில் காவியாகிவிடும்.

திட்டுத் திட்டாகத் தெரிந்தால், உங்கள் கோப்பைக் குறை சொல்வதற்கு முன் கிராஃபிக்ஸ் அமைப்பில் அன்கம்ப்ரஸ்டு சிம் டெக்ஸ்ச்சர்ஸ் என்ற தேர்வை டிக் செய்து பாருங்கள். ஆனால் பகிரும் படத்தை அதை அணைத்தும் ஒருமுறை எடுங்கள். பழைய லேப்டாப்பில் ஆடுபவர்களுக்கு அப்படித்தான் தெரியப்போகிறது.

இதைவிட முக்கியமான சோதனை தோல் நிறம். பகிரப்படும் ரீகலர் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த சிம்மின்மேல்தான். 2020 டிசம்பர் அப்டேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட புதுத் தோல் நிறங்களும் அவற்றை இருட்டவும் வெளுக்கவும் ஸ்லைடரும் வந்தன. அதற்கு முன் கருத்த நிறங்கள் பல சாம்பல் பூத்தே இருந்தன. இப்போது நிறம் இருக்கிறது, பயன்படுத்துங்கள். என் வீட்டில் யாருக்கும் அந்தப் படங்களில் வரும் தோல் இல்லை, என் சிம் குடும்பத்திலும் இல்லை. மெல்லிய துப்பட்டா, ஸ்டாக்கிங், வலைத்துணி போன்றவற்றில் அடியில் இருக்கும் தோல் தெரியும். வெளிர் தோலில் ரோஸாக இருந்த துப்பட்டா கருத்த தோலில் சாம்பல் படிந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு ஸ்வாட்ச் கொடுங்கள், கொஞ்சம் அடர்த்தியான ஆல்ஃபாவும் கூடுதல் சாச்சுரேஷனும் வைத்து. தோல் நிறம் என்று பெயரிட்டு ஒரே ஒரு பீஜ் நிறத்தை வைப்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். கேள்விகள் குவிந்திருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன்.

கேம் வாங்க வேண்டுமா? பேஸ் கேம் 2022 அக்டோபர் 18 முதல் இலவசம். ஸ்டுடியோவும் இலவசம். கன்சோலில் சிசி (ஆடுபவர்களே செய்து சேர்க்கும் உடை, பொருள்) போட முடியாது, கணினி வேண்டும். ரீகலருக்கு பிளெண்டர் தேவையில்லை, மெஷ்ஷைத் தொடுபவர்களுக்குத்தான் அது.

அப்டேட் வந்ததும் எல்லா உடையும் காணாமல் போய்விட்டது: கேம் தானாகவே சிசியை அணைத்துவிடும். கேம் ஆப்ஷன்ஸில், அதர் பகுதியில் திரும்ப ஆன் செய்து மறுபடி திறக்க வேண்டும்.

ஸ்வாட்சைத் திருத்திய பிறகும் பழைய படமே காட்டுகிறது: லோக்கல்தம்ப்கேஷ் கோப்பை அழியுங்கள், கேம் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

கடைக்காரர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் என் ஜரிகைச் சேலையில் திரிகிறார்கள்: ரேண்டம் தேர்வை ஸ்டுடியோவில் எடுத்துவிடுங்கள். ஃபார்மல் பிரிவை மட்டும் டிக் செய்யுங்கள். அப்படியே நிற டேகையும் சரியாகப் போடுங்கள். காஸில் பச்சை என்று வடிகட்டித் தேடுபவருக்கு உங்கள் மயில் கழுத்து கிடைக்க வேண்டுமல்லவா?

19 ஏப்ரல்

மெஷ் யாருடையது என்பதை இந்த இழையில் யாருமே பேசவில்லை, பேசியாக வேண்டும். கேமின் சொந்த உடையை ரீகலர் செய்தால் கவலை இல்லை. இன்னொருவர் செய்த மெஷ் என்றால் அவருடைய நிபந்தனைகளைப் படியுங்கள். சிலர் மெஷ்ஷையும் சேர்த்துப் பகிர அனுமதிப்பார்கள். சிலர் ரீகலரை மட்டும் பகிரச் சொல்லி, மெஷ்ஷுக்குத் தங்கள் பக்கத்துக்கே அனுப்பச் சொல்வார்கள். ரீகலரைத் தொடவே கூடாது என்பவர்களும் உண்டு, அவர்களை அப்படியே விட்டுவிட வேண்டும். காசு விஷயத்தில் 2022இல் கேமின் நிறுவனமான இஏ வெளியிட்ட விதி தெளிவாகவே இருக்கிறது: மாட்களை, அதாவது ஆடுபவர்கள் கேமுக்குச் செய்யும் சேர்ப்புகளை, விற்கக் கூடாது. ஆதரவாளர்களுக்குக் கொஞ்ச காலம் முன்கூட்டித் தரலாம், பிறகு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

என் பட்டுப் பாவாடை செட்டை ஒரு தளம் எடுத்து, விளம்பர இணைப்புகளுக்குப் பின்னால் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மெஷ் செய்தவரின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. என் பெயர் போனதைவிட மெஷ் செய்தவருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவர் அனுமதி கொடுத்திருந்தது எனக்கு, அந்தத் தளத்துக்கு அல்ல. கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அதன் பிறகு என் ஒவ்வொரு ஜிப் கோப்பிலும் மெஷ் யாருடையது, எங்கே கிடைக்கும் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைக்கிறேன். திருடுபவர் அதை நீக்கலாம்தான். எல்லோரும் நீக்குவதில்லை.

26 ஏப்ரல்

ஹூடி தம்பி படம் போட்டிருக்கிறார், எல்லோரும் மேலே போய்ப் பாருங்கள். வெளிர் சாம்பல் ஸ்வாட்சிலிருந்து தொடங்கி, நிழலைத் தூக்கி, அடியில் நீலம் ஒரு துளி கலந்த வெள்ளை. தொப்பியின் உள்பக்கம் அருமையாக வந்திருக்கிறது.

வெள்ளை ஸ்வாட்ச் இருந்தும் ஏன் வெளிர் சாம்பலை எடுத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எடுத்தது நல்ல முடிவு. கேமின் வெள்ளை ஸ்வாட்ச்களில் தோள், நெஞ்சு போன்ற இடங்கள் 255ஐத் தொட்டுவிட்டிருப்பது உண்டு. அங்கே கருப்பில் நடந்ததேதான் எதிர்முனையில் நடக்கிறது, மடிப்பு வெளுப்பில் அழிந்துபோகும். 8ஆம் தேதி வெளிர் ஸ்வாட்ச் என்று பொதுவாகச் சொல்லியிருந்தேன். இப்போது கேட்டால் ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடம்) திறந்து, இரண்டு ஓரத்திலும் முட்டாமல் நடுவில் அகலமாக விரிந்திருக்கும் ஸ்வாட்சைத் தேடச் சொல்வேன். பல உடைகளில் அது பீஜாகவோ வெளிர் நீலமாகவோ இருக்கும்.

ஒரே ஒரு திருத்தம் தம்பி: கயிற்றின் நுனியில் இருக்கும் உலோகக் குப்பியும் வெள்ளையாகிவிட்டது. டிஃபரன்ஸ் மாஸ்க்கில் அது மிகச் சிறியது என்பதால் த்ரெஷ்ஹோல்டில் அடிபட்டிருக்கும். மாஸ்க்கில் அந்த இரண்டு இடத்தை மட்டும் கருப்பு பிரஷ்ஷால் தொட்டுவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். அதே எக்ஸ்சிஎஃப்பில் மற்ற நிறங்களையும் முடித்து ஒரே பேக்கேஜில் சேர்த்துப் போடுங்கள். அரக்குக்கு நான் முதல் ஆளாகக் காத்திருக்கிறேன்.